போடுங்க, மச்சான்

அன்புள்ள கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் பேசிக்கொண்டிருந்தபோது நீ ஒன்று கேட்டாய். உன் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, யார் யாருக்கு நேரில் போய் வைப்பது என்று ஒவ்வொரு ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தோம். நெருப்பெரிச்சல் வந்ததும் உன் குரல் மாறியது. "அம்மா, மாமனுக்கும் வெக்கோணுமா?" என்றாய். நான் குக்கர் விசில் வருகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அன்றைக்கு நம் வீட்டில் குக்கரே வைக்கவில்லை. ஒரு ஆளுக்கு எதற்குக் குக்கர், முந்தின நாள் குழம்பு இருந்தது. உனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் பொய் சொன்னேன். நமக்குள் போன் பேச்சு என்பது "சாப்டியா", "மாத்திரை போட்டீங்களா", "சரி, வெக்கட்டுமா" என்ற அளவில்தான் ஓடுகிறது. இது அதற்குள் அடங்குகிற விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பெங்களூரில் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, மெதுவாகப் படி. அம்மா நீட்டி முழக்குகிறாள் என்று பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் மாமன் எனக்கு அண்ணன். ஆனால் என்னைவிட உன் அப்பாவுக்குத்தான் அவர் அதிகம் சொந்தம். மடத்துக்குளத்திலிருந்து முதலில் திருப்பூர் வந்தவர் அவர். நூல் கடையில் வேலை பார்த்து, பிறகு நெருப்பெரிச்சலில் சொந்தமாக நூல் வியாபாரம் ஆரம்பித்தார். கல்யாணமாகி நாங்கள் நல்லூரில் வாடகைக் கட்டடத்தில் நாலைந்து தையல் மிஷின்களைப் போட்டு உட்கார்ந்தபோது, எங்களை நம்பிக் கடன் கொடுக்க இந்த ஊரில் ஒரு நாய்கூட இல்லை. உன் மாமன்தான் நூல் மூட்டைகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "மாப்ள, வித்துட்டுக் குடுங்க" என்றார். அந்த நூலைத் துணியாகப் பின்ன விட்டு, சாயம் போட்டு, வெட்டி, தைத்து, குழந்தைகளுக்கான பனியனும் டீ-சர்ட்டுமாக வடக்கே அனுப்பினோம். நீ பள்ளிக்கூடம் போட்டுக்கொண்டு போன ஷூவிலிருந்து காலேஜ் ஃபீஸ் வரை எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

வடக்கே சரக்கு போனால் பணம் எப்போது வரும் என்பது அனுப்புகிறவனுக்கும் தெரியாது, வாங்குகிறவனுக்கும் தெரியாது. அதனால் நூல் வாங்கும்போதே பின்னால் வரப்போகிற ஒரு தேதியைப் போட்டு செக் கொடுத்துவிடுவது இந்த ஊர் வழக்கம். அப்பா கையெழுத்துப் போட்ட செக் இலைகள் எப்போதும் மாமனின் மேஜை டிராயரில் கிடக்கும். தேதி வந்ததும் அப்படியே பேங்கில் போட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். காலையில் ஒரு போன் வரும். "மாப்ள, போடட்டுங்களா?" அவ்வளவுதான் பேச்சு. கணக்கில் பணம் இருந்தால் அப்பா "போடுங்க, மச்சான்" என்பார். இல்லையென்றால், "ஒரு நாலு நாள் பொறுங்க மச்சான், டெல்லிக்காரன் இன்னும் அனுப்பல" என்பார். "ஆவட்டுமுங்க" என்று மாமன் வைத்துவிடுவார். ஒருமுறை ஒரே செக்குக்கு அப்பா திரும்பத் திரும்பத் தவணை கேட்க, "மாப்ள, செக்குக்கு வயசாயிப் போச்சுங்க, பென்ஷன் கேக்குது" என்று மாமன் சொல்லி, இரண்டு பேரும் போனிலேயே அப்படிச் சிரித்தார்கள். பொறுக்கச் சொல்வதில் இந்த ஊரில் யாருக்கும் வெட்கம் கிடையாது. ஆனால் "போடுங்க" என்று சொல்லிவிட்டால் அது சொன்னதுதான். அந்தச் சொல்லை நம்பி எதிராளி தன்னுடைய செக்கை இன்னொருவனுக்கு எழுதியிருப்பான், அவன் இன்னொருவனுக்கு. "போடுங்க" என்று சொன்ன செக் திரும்பினால், பணம் இல்லாதவன் என்ற பெயர் வராது, பொய்யன் என்ற பெயர் வரும்.

நீ காலேஜ் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். தீபாவளிச் சரக்குக்கு வர வேண்டிய பணம் வந்து சேர்ந்திருந்தது. ஒருநாள் சாயங்காலம் அப்பா கணக்கைப் பார்த்து, மாமனிடம் இருக்கும் செக்குக்குப் பணம் இருக்கிறது, அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கிறது என்று என்னிடம் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் மாமனின் போன் வந்தபோது நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "போடுங்க, மச்சான்" என்று அப்பா வழக்கத்தைவிட உரக்கச் சொன்னது சமையலறை வரை கேட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தவணையும் கேட்காமல் சொன்ன சந்தோஷம் அதில் இருந்தது. அந்தக் குரலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்தச் செக் திரும்பிவிட்டது. அதை நம்பி நூல் மில்லுக்கு மாமன் கொடுத்திருந்த செக்கும் சேர்ந்து திரும்பியது. அவர் வியாபாரம் ஆரம்பித்ததிலிருந்து அப்படி நடந்ததே இல்லை. மில் ஆபீசில் நாலு பேருக்கு முன்னால் அவரை நிற்க வைத்துப் பேசியிருக்கிறார்கள். சாயங்காலம் அவர் போன் செய்தபோது அப்பா மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார். டெய்லர்கள் எல்லோருக்கும் கேட்டது. மாமன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "இல்லீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தி வெச்சிருப்பேனுங்களே மாப்ள. எதுக்குங்க போடுங்கன்னீங்க?" என்று கேட்டார். அப்பாவுக்கு ஒன்றுமே புரியவில்லை. "பணம் இருந்துச்சுங்க மச்சான்" என்றார். "இருந்த பணம் எங்கீங்க போச்சு?" என்று கேட்டுவிட்டு மாமன் வைத்துவிட்டார். மறுநாளே என் வளையல்களை அடகு வைத்து அப்பா பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமன் வாங்கிக்கொண்டார். அதற்கு அடுத்த நாள் மாமன் கடை ஆள் ஒருவர் வந்து ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பா கையெழுத்துப் போட்டு வைத்திருந்த மீதிச் செக்குகள் எல்லாம் அதற்குள் இருந்தன. இனி உங்களோடு கொடுக்கல் வாங்கல் இல்லை என்று அர்த்தம். அப்பா அந்தக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிங் டேபிள் ஓரத்தில் உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை, கண்ணு. பார்த்திருந்தால் பின்னால் நீ செய்ததைச் செய்திருக்க மாட்டாய்.

பணம் எங்கே போனது என்று பேங்கில் போய்க் கணக்கு விவரம் வாங்கிப் பார்த்தோம். பேங்கே எடுத்திருந்தது. கம்பெனிக்காக அங்கே கடன் வாங்கியிருந்ததால் மாதாமாதம் கையிருப்புச் சரக்கு எவ்வளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா, அந்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டைக் கொடுக்கவில்லை என்று பல மாத அபராதத்தை மொத்தமாக, ஒரே நாளில், ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துவிட்டார்கள். அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அந்த ஸ்டேட்மெண்டை நாங்கள் ஒரு மாதம்கூடக் கொடுக்காமல் இருந்ததில்லை. ஒவ்வொரு முறையும் நகலில் சீல் வாங்கிக்கொண்டு வாங்க என்று அப்பாவை நான் நச்சரித்து, அவர் என்னைத் திட்டிக்கொண்டே வாங்கி வந்தது எல்லாம் கைவசம் இருந்தது. அதைக் காட்டினால், "சிஸ்டத்துல ஏறாமப் போயிருச்சுங்க" என்றார்கள். ஏற்ற வேண்டியது யார்? அதற்கும் சிஸ்டம்தான். இதெல்லாம் போதாதென்று செக் திரும்பியதற்கு ஒரு கட்டணம். கழுத்தை நெரித்தவன் நெரித்த கூலியையும் நம்மிடமே வாங்கிக்கொண்ட மாதிரி.

கணக்கு விவரத்தில் இன்னொரு வரியும் இருந்தது. பேங்க் அதிகாரி நம் கம்பெனிக்கு வந்து சரக்கைப் பார்வையிட்டதற்கான கட்டணமாம். யாரும் வரவே இல்லை. அப்பா மேனேஜரிடம் சொன்னதைக் கேட்டால் சிரிப்பாய். "சார், எங்க ஊட்டுக்காரி இருக்கறப்ப ஒருத்தரு கம்பெனிக்குள்ள வந்துட்டு காபி குடிக்காமத் திரும்பிப் போவ முடியாதுங்க. உங்க ஆபீசர் வந்திருந்தா அந்தக் காபி எப்படி இருந்துச்சுன்னு கேட்டுச் சொல்லுங்க." மேனேஜர் சின்னப் பையன், உன்னைவிடக் கொஞ்சம் பெரியவன். அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி பண்ணிடலாம் சார்" என்றான். சரி பண்ணுவதற்குள் அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவருக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னோம்.

உன் அப்பா அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். பேங்க் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டுதான் நெருப்பெரிச்சல் போவது என்று. "இப்பவே போய் நடந்ததைச் சொல்லலாமுங்க, அண்ணன் கேட்டுக்குவாரு" என்றேன். "என்ற வாய் வார்த்தை அங்க செல்லாமப் போயித்தானே செக்கையெல்லாம் திருப்பிக் குடுத்தாரு? மறுபடி வாயை வெச்சுட்டா போறது? காயிதத்தோட போறேன்" என்றார். அவர் ரோஷம் எனக்குத் தெரியும். அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் அண்ணன் மேல் கோபம் இருந்தது. கூடப் பிறந்தவள் குடும்பத்தை ஒரு செக்கை வைத்து எடை போட்டுவிட்டாரே என்று. காகிதத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. உன்னிடம் இதை எதையும் சொல்லவில்லை. "பேங்க்ல ஒரு சின்னச் சிக்கல், அதான் மாமனோட மனஸ்தாபம், நீ படிப்பைப் பாரு" என்று மட்டும் சொன்னோம். பிள்ளைகளுக்குப் பாதி சொல்லி வைத்தால் மீதியை அவர்களே தப்பாக நிரப்பிக்கொள்கிறார்கள் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் வருவார்கள். சொன்னால் முழுதாகச் சொல்.

கிளையில் எழுதிக் கொடுத்தோம். பதில் இல்லை. மேல் ஆபீசுக்கு எழுதினோம். "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று வந்தது. சாயங்காலம் கம்பெனியில் மிஷின்கள் நின்ற பிறகு அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கோபத்தில் அவர் சொல்வதையெல்லாம் எழுதினால் நம்மைப் போலீஸில் பிடித்துக் கொடுத்துவிடுவார்கள், அதனால் நான் மரியாதையாக மாற்றி எழுதுவேன். படித்துக் காட்டினால், "நான் சொன்னது இதில்லையே" என்பார். "அர்த்தம் அதேதானுங்க" என்பேன். இப்போது நினைத்தால் அந்தச் சாயங்காலங்கள் நன்றாகத்தான் இருந்தன. வேறு நூல் கடைக்காரர்கள் ரொக்கம் இல்லாமல் மூட்டையைத் தொட விடவில்லை. செக் திரும்பிய கதை இந்த ஊரில் பஸ்ஸைவிட வேகமாகப் போய்ச் சேரும். மிஷின்களை ஒவ்வொன்றாக நிறுத்தினோம்.

அந்த நாட்களில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் அப்பாவும் மாமனும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில். நான் கொஞ்சம் தள்ளிப் பெண்களோடு நின்றுகொண்டிருந்தேன். மாமன், "சாப்டீங்களா?" என்றார். அப்பா, "ஆச்சுங்க" என்றார். இரண்டு பேரும் ஈரக் கையோடு அப்படியே நின்றார்கள். குழாயை மூடக்கூட இல்லை. பின்னால் வந்தவர்கள் "கொஞ்சம் தள்ளுங்க" என்று சொன்னதும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில் வண்டியில் பின்னால் உட்கார்ந்து, "பேசியிருக்கலாமில்லீங்க" என்றேன். "கையில காயிதம் இல்லையே" என்றார். அவர்கள் இரண்டு பேரும் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஒரு மத்தியானம் கம்பெனியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அதை நான் விரித்து எழுதப் போவதில்லை, என்னால் முடியாது. அன்றைக்கு மாமன் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையோடு வந்தார். என் மேல் அதைப் போட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை. அப்போது நீ வாசலில் நின்று, "உசுரோட இருக்கறப்ப எட்டிப் பார்க்காதவரு இப்ப எதுக்கு வந்தாரு?" என்று கேட்டாய். எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாய். அவர் இறங்கிப் போனார். உன்னை நான் தடுக்கவில்லை. அன்றைக்கு என் மனதில் இருந்ததும் அந்தக் கேள்விதான்.

அப்பா போன பிறகு அந்தப் புகாரை நான் விட்டிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், நீயும் சொன்னாய். "எவ்ளோம்மா வரப்போவுது, அந்தப் பணத்தை நான் தர்றேன் உங்களுக்கு" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய். ஆனால் எனக்கு வேண்டியது பணம் இல்லை, கண்ணு. உன் அப்பா "போடுங்க, மச்சான்" என்று சொன்ன அந்த நிமிஷம் அவர் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். செத்துப்போனவருக்காக அதைச் சொல்ல என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? அதனால் வங்கிகளுக்கு மேலே இருக்கிற குறைதீர்ப்பாளர் வரைக்கும் எழுதினேன். சீல் வைத்த நகல்கள், கணக்கு விவரம், கடன் கொடுக்கும்போது எந்தக் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டோம் என்கிற காகிதம், எல்லாவற்றையும் இணைத்தேன். அதற்குப் பிறகுதான் பேங்கிலிருந்து ஒருவர் மிக இனிமையாகப் போன் செய்தார். எடுத்த தொகை முழுவதையும் திருப்பித் தருகிறோம், நல்லெண்ண அடிப்படையில் தருகிறோம் என்றார். எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. நம் பணத்தை நம்மிடமிருந்து எடுத்து நமக்கே தானம் கொடுக்கிறார்களா? "நல்லெண்ணம் வேண்டாமுங்க, தவறுதலா எடுத்துட்டோம்னு எழுதிக் குடுங்க" என்றேன். "அப்படி எழுத எங்களுக்கு அனுமதி இல்லைம்மா" என்றார். அப்படியானால் குறைதீர்ப்பாளரே சொல்லட்டும் என்று வைத்துவிட்டேன்.

அதற்கு நடுவில்தான் கம்பெனிக் கணக்கை மூடுவதற்கு நீ லீவு போட்டு வந்தாய். எனக்கு மூட்டு வலி, படி ஏற முடியவில்லை என்று உன்னைப் போகச் சொல்லி, எனக்குப் பதிலாக நீ கையெழுத்துப் போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். நீ போன இடத்தில் மூடுகிற காகிதங்களோடு இன்னொரு காகிதத்தையும் வைத்திருக்கிறார்கள். நல்லெண்ணத் தொகையைப் பெற்றுக்கொண்டோம், இனி எந்தப் புகாரும் இல்லை என்று. நீ அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டாய். வெளியே வந்து சந்தோஷமாகப் போன் செய்தாய். "அம்மா, எல்லாத்தையும் முடிச்சுட்டேன். பணம் உங்க கணக்குல ஏறிரும். இனி நீங்க அந்தப் படி ஏறவே வேண்டாம்." நான் "சரி கண்ணு, சாப்டுட்டு பஸ் ஏறு" என்றேன். போனை வைத்துவிட்டு அப்பாவின் கட்டிங் டேபிள் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். அவர் இரண்டாவது முறை செத்துப்போன மாதிரி இருந்தது. புகார் முடிந்துவிட்டதாக மேலிருந்து ஒரு வரியில் தகவல் வந்தது. யார் தவறு என்று எங்கேயும் யாரும் எழுதவில்லை. இனி எழுதவும் மாட்டார்கள்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன்னிடம் பாதியை மறைத்தது நாங்கள். அம்மாவுக்கு அலைச்சல் வேண்டாம் என்று நீ நினைத்தாய், அது என் பிள்ளை நினைக்கிற நினைப்புதான். ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். நாளைக்கு நீயும் உன் வீட்டுக்காரியும் வீட்டுக் கடன் அது இதென்று பேங்க் ஏறி இறங்குவீர்கள். எவ்வளவு அவசரப்படுத்தினாலும் முழுசும் படிக்காமல் எதிலும் போடாதே. இன்னொருவர் நெஞ்சில் கிடக்கிற விஷயத்தை, அவர் நல்லதுக்குத்தான் என்றாலும், அவரைக் கேட்காமல் முடித்து வைக்காதே. உன் வீட்டுக்காரி விஷயத்திலும் இதையேதான் சொல்வேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ கேட்ட கேள்வி இரண்டு நாள் என்னைத் தின்றது. மூன்றாம் நாள் பஸ் ஏறி நெருப்பெரிச்சல் போனேன். கையில் ஒரு காகிதமும் இல்லை. மாமன் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ரொம்ப வயதாகிவிட்டது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வா அம்மிணி" என்றார். உட்காரக்கூட இல்லை நான். "அண்ணா, அன்னைக்கு அவரு பொய் சொல்லலீங்க. பணம் இருந்துச்சுங்க. பேங்குதான் சொல்லாமக் கொள்ளாம எடுத்துருச்சு. காயிதத்தோட வந்து சொல்லோணும்னு இருந்தாருங்க. அது கிடைக்கல. நீங்க நம்புனா நம்புங்க, நம்பாட்டிப் போங்க" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார். அப்புறம், "எனக்குத் தெரியுமே அம்மிணி" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்றே சந்தேகமாகிவிட்டது. செக் திரும்பிய அந்த வாரமே, அதே பேங்கில் கணக்கு வைத்திருக்கும் இன்னொரு பனியன் கம்பெனிக்காரருக்கும் இதே மாதிரி எடுத்து, அவர் செக்கும் மாமனிடம் திரும்பியிருக்கிறது. அந்த மனிதர் அன்றைக்குச் சாயங்காலமே ஓடி வந்து விவரத்தைச் சொல்லிவிட்டாராம். "அப்பவே புரிஞ்சு போச்சு, மாப்ளைக்கும் இதான் ஆயிருக்கோணும்னு. ஆனா அதுக்குள்ள செக்கையெல்லாம் திருப்பி அனுப்பிட்டேனே அம்மிணி. எந்த மூஞ்சிய வெச்சுட்டுக் கூப்புடறது? அவரே வந்து ரெண்டு திட்டுத் திட்டுவாரு, வாங்கிக்கலாம்னு இருந்தேன். அவரும் வரல. தினமும் காத்தால போனைக் கையில எடுப்பேன். ஒரு நாள் மண்டபத்துல பார்த்தேன். சாப்டீங்களான்னு கேட்டேன். அதுக்கு மேல எனக்கு வாய் வரல." அதைச் சொல்லிவிட்டு அந்த வயசான மனுஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். உன் அப்பா காகிதத்துக்காகக் காத்திருந்தார். காகிதமே தேவைப்படாத மனிதர் நாலு பஸ் ஸ்டாப்புக்கு அப்பால் அவருக்காகக் காத்திருந்தார். இதை நான் உன் அப்பாவிடம் எப்படிப் போய்ச் சொல்வேன், கண்ணு? எங்கே போய்ச் சொல்வேன்?

கிளம்பும்போது உன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். மணமேடையில் உனக்கு மாலை போட வேண்டிய தாய்மாமன் அவர். முகம் மலர்ந்தது, உடனே வாடியும் போயிற்று. "தம்பி அன்னைக்கு வாசல்ல கேட்டது நாயந்தான் அம்மிணி. நீ கூப்புட்டதுக்காக நான் வந்து நின்னு, அவனுக்கு மனசு கசந்துறக் கூடாது. நானே ஒருக்கா போன் பண்ணிக் கேட்டுக்கறேன், வரட்டுமான்னு. அவன் சொன்னா வர்றேன்" என்றார். சரிங்கண்ணா, கேளுங்க என்றேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்த பிறகு கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

அதனால் ஒருநாள் காலையில் உனக்கு ஒரு போன் வரும். நம்பர் உன் செல்போனில் இருக்காது, நீ அழித்துவிட்டதாகச் சொன்னாயே. இருந்தாலும் எடு. அவர் நீட்டிப் பேச மாட்டார், "வரட்டுங்களா?" என்றுதான் கேட்பார். சின்னவனிடம் என்ன மரியாதை என்று யோசிக்காதே, அவர் கேட்கிற விதமே அப்படி. உனக்கு மனம் ஒப்பினால் "வாங்க மாமா" என்று சொல். ஒப்பவில்லையென்றால், அம்மாவுக்காக, அவர் கிழவர் என்பதற்காக, எதற்காகவும் சொல்லாதே. "கொஞ்ச நாள் பொறுங்க மாமா" என்று சொல். அவர் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், பொறுப்பார். பொறுத்துப் பழகியவர் அவர். மனதில் இல்லாமல் "வாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதே. உன் அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் ஒருநாளும் வந்ததில்லை.

அம்மா